சாயத் தண்ணீரை மின்சாரம் வெளுக்குமா? இயந்திரம் வாங்குமுன் போட வேண்டிய கணக்கு

கைத்தறிக்கு நூல் சாயமிடும் ஒரு சகோதரர் சில வாரங்களுக்கு முன் தொலைபேசியில் அழைத்தார். "காக்கா, கொழும்பிலிருந்து ஒருவர் வந்து ஒரு மெஷின் காட்டினார். கரண்டையும் அல்ட்ராசவுண்டையும் சேர்த்துப் பாய்ச்சினால் சாயத் தண்ணி பச்சைத் தண்ணியாகிவிடும் என்கிறார். கண் முன்னாலேயே செய்தும் காட்டினார். எடுக்கலாமா?" என்று கேட்டார். அவருக்குச் சொன்ன பதிலை இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். மருதமுனையிலும் காத்தான்குடியிலும் தறி வைத்திருப்பவர்களுக்கும், பத்திக் துணி செய்பவர்களுக்கும், நாளைக்கு இந்தத் துறையில் கால் வைக்க நினைப்பவர்களுக்கும் இது பயன்படும்.

மின்சாரத்தால் சாயத்தின் நிறத்தை எடுக்கலாம் என்பது உண்மை. அல்ட்ராசவுண்ட் அதற்குத் துணை செய்யும் என்பது பாதி உண்மை. தண்ணீர் பச்சைத் தண்ணீர் ஆகிவிடும் என்பதுதான் பொய்.

இதை விளங்க வேண்டுமானால் முதலில் அந்தத் தண்ணீருக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

1856ஆம் ஆண்டு வில்லியம் பேர்கின் என்ற பதினெட்டு வயது இங்கிலாந்து இளைஞர், மலேரியாவுக்கான குயினைன் மருந்தைச் செயற்கையாகச் செய்யப் போய்த் தற்செயலாக ஊதா நிறச் சாயம் ஒன்றைக் கண்டெடுத்தார். அதுவரை அவுரியும் மஞ்சிட்டியும் கொண்டு சாயமிட்ட உலகம் அன்றிலிருந்து செயற்கைச் சாயத்தின் பக்கம் திரும்பியது. 1956இல் ஐ.சி.ஐ. கொம்பனி 'புரோசியன்' என்ற பெயரில் 'ரியாக்டிவ்' சாயங்களைச் சந்தைக்குக் கொண்டு வந்தது. இவை பருத்தி நூலோடு இரசாயனப் பிணைப்பாக ஒட்டிக்கொள்வதால் துவைத்தாலும் போகாது. இன்று பருத்திக்கு அதிகமாகப் பயன்படுவது இந்த வகைதான்.

ஆனால் போடுகிற சாயம் முழுவதும் நூலில் ஏறுவதில்லை. சாயத்தின் ரகத்தையும் வேலையின் பக்குவத்தையும் பொறுத்து 60 வீதம் முதல் 90 வீதம் வரைதான் ஏறும். மிச்சம் தண்ணீரோடு வினைபுரிந்து செத்த சாயமாகி வடிகானுக்குப் போகிறது. காசு கொடுத்து வாங்கிய சாயத்தில் பத்தில் ஒரு பங்கு முதல் நான்கு பங்கு வரை தண்ணீரில் போகிறது என்பதை வியாபாரியாகவும் ஒருமுறை யோசித்துக் கொள்ளுங்கள். லீற்றருக்கு ஒரு மில்லிகிராம் சாயம் இருந்தாலே கண்ணுக்குத் தெரியும். அதனால்தான் மற்றத் தொழிற்சாலைகளின் கழிவு யாருக்கும் தெரியாமல் ஓட, சாயக்காரனின் கழிவு மட்டும் ஊரைக் கூட்டிச் சொல்லிக்கொண்டு ஓடுகிறது.

சாயத்தை நூலின்பால் தள்ளுவதற்கு உப்புப் போடுகிறோம். லீற்றருக்கு 30 முதல் 80 கிராம் வரை போடும் வழக்கம் உண்டு. நடுவாக 50 கிராம் என்று வைத்துக் கொள்வோம். ஒரு கிலோ நூலுக்கு 20 லீற்றர் தண்ணீர் பிடித்தால் உப்பு மட்டும் ஒரு கிலோ! அதாவது நூலின் எடைக்கு எடை உப்பு. ஒரு நாளைக்கு 20 கிலோ நூல் சாயமிடும் சின்னப் பட்டறை, வருடத்தில் 250 நாள் வேலை செய்தால், ஐந்து தொன் உப்பை நிலத்தில் கொட்டுகிறது. இதில் ஒரு கிராம்கூட நூலில் தங்குவதில்லை. கிழக்குக் கரையோரத்தில் நம்முடைய ஊர்கள் மணல் நிலத்தில் இருக்கின்றன, கிணறுகள் ஆழமில்லாதவை. கொட்டியது எங்கே போகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. இதற்கு மேலே சோடாச் சாம்பலும், கோஸ்டிக் சோடாவும், சவர்க்காரமும் வேறு.

மத்ரஸாவில் ஓதிய பிள்ளைகளுக்குத் தண்ணீரின் மூன்று தன்மைகள் மனப்பாடம்: நிறம், மணம், சுவை. குங்குமப்பூப் போன்ற சுத்தமான பொருள் விழுந்து தண்ணீரின் தன்மை வெகுவாக மாறிவிட்டால், அந்தத் தண்ணீர் சுத்தமானது, ஆனால் அதைக் கொண்டு வுழூச் செய்ய முடியாது என்று நமது ஷாபிஈ மத்ஹபில் சட்டம் படித்திருக்கிறோம். சட்டத்தை உலமாக்களிடம் விட்டுவிடுவோம். நான் சொல்ல வருவது, தண்ணீரைச் சோதிக்க நிறம் ஒன்று மட்டும் போதாது என்பது நமக்கு ஏற்கனவே தெரிந்த விஷயம் என்பதைத்தான். இயந்திரக்காரர் காட்டியது நிறத்தை மட்டும். சுவையை, அதாவது உப்பை, அவர் தொடவே இல்லை.

மின்சாரம் செய்யும் இரண்டு வேலைகள்

பாடசாலையில் மின்பகுப்புப் படித்தவர்களுக்கு இது கஷ்டமில்லை. தண்ணீருக்குள் இரண்டு தகடுகளை இறக்கி, பற்றரியில் வருவதுபோன்ற நேரோட்ட மின்சாரத்தைப் பாய்ச்சுகிறோம். நேர்முனை அனோட்டு, மறைமுனை கதோட்டு. தகடு எதனால் ஆனது என்பதைப் பொறுத்து இரண்டு வேறு வேலைகள் நடக்கின்றன. விற்பவர்கள் இரண்டையும் ஒன்றாகக் குழப்பிப் பேசுவார்கள்.

முதலாவது, அலுமினியம் அல்லது இரும்புத் தகடு. இதில் அனோட்டுத் தகடு கரைகிறது. கரைந்த உலோகம் தண்ணீரில் பஞ்சுபோன்ற திரளாகி, சாயத்தைப் பிடித்துக்கொண்டு அடியில் படிகிறது அல்லது கதோட்டில் வரும் ஐதரசன் குமிழிகளோடு மேலே மிதக்கிறது. நமது வீடுகளில் கலங்கல் தண்ணீரில் படிகாரம் போடுவதும் இதே வேலைதான். படிகாரத்தைக் கடையில் வாங்காமல் தகட்டிலிருந்து எடுக்கிறோம், அவ்வளவுதான். கணக்கும் இலகு. ஒரு அம்பியர் மின்சாரம் ஒரு மணித்தியாலம் ஓடினால் 0.335 கிராம் அலுமினியம் கரையும். இரும்பென்றால் சுமார் 1.04 கிராம். இது பரடேயின் விதி. இயந்திரக்காரர் நினைத்தாலும் மாற்ற முடியாது. ஆயிரம் லீற்றருக்கு 100 கிராம் அலுமினியம் தேவைப்பட்டால் ஏறத்தாழ 300 அம்பியர் மணித்தியாலம் வேண்டும். 10 வோல்ட்டில் அது 3 யூனிட் மின்சாரம். பெரிய செலவில்லை. ஆனால் சாயம் அழியவில்லை, சேற்றுக்குள் இடம் மாறியிருக்கிறது. அந்தச் சேற்றை என்ன செய்வது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. தகடும் தேய்ந்து தீரும். அதை வாங்கும் செலவையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இரண்டாவது, கரையாத தகடு. காரீயகம் என்று பாடப் புத்தகத்தில் படித்த கிரபைற்று, அல்லது ருதேனியம் ஒட்சைட்டுப் பூசிய டைட்டேனியம். இங்கே தண்ணீரில் இருக்கும் கறியுப்புத்தான் மருந்து. உப்பிலுள்ள குளோரைட்டு அனோட்டில் குளோரின் ஆகிறது, அது தண்ணீரோடு சேர்ந்து சலவைத் திரவமாகிறது, அந்தத் திரவம் சாயத்தின் மூலக்கூறை உடைக்கிறது. ரியாக்டிவ் சாயங்களில் பெரும்பாலானவை 'அசோ' வகை. இரண்டு நைதரசன் அணுக்கள் இரட்டைப் பிணைப்பில் கைகோத்து நிற்பதுதான் அவற்றின் நிறத்துக்குக் காரணம். அந்தக் கை விட்டதும் நிறம் போய்விடுகிறது. ஒரு அம்பியர் மணித்தியாலத்துக்கு ஆகக்கூடியது 1.3 கிராம் குளோரின் கிடைக்கும். ஆயிரம் அம்பியர் மணித்தியாலத்தை 5 வோல்ட்டில் பாய்ச்சினால் 5 யூனிட் செலவில் 1.3 கிலோ வரை குளோரின். நடைமுறையில் இதற்குக் குறைவாகவே வரும். கடுஞ்சாயமாக இருந்தால் செலவு இரட்டிப்பாகலாம், மும்மடங்காகலாம்.

இங்கே ஒரு நுணுக்கம். சிலர் கறியுப்புக்குப் பதிலாகக் 'குளோபர் சோல்ட்' எனப்படும் சோடியம் சல்பேற்று போட்டுச் சாயமிடுகிறார்கள். அதில் குளோரைட்டு இல்லை. அந்தத் தண்ணீரில் இந்த இரண்டாவது முறை குளோரினை உண்டாக்காது. ஆகவே கறியுப்புத் தண்ணீரில் பார்த்த வேகம் வராது. ஆகவே நீங்கள் எந்த உப்புப் போடுகிறீர்கள் என்று கேட்காமலே இயந்திரத்தை விற்க வந்தவருக்குத் தன் சரக்கு தெரியாது என்று எடுத்துக் கொள்ளலாம்.

அல்ட்ராசவுண்ட் எதற்கு?

அல்ட்ராசவுண்ட் என்றதும் நமக்கு ஆஸ்பத்திரி ஸ்கேன்தான் நினைவுக்கு வரும். பாடசாலைப் புத்தகத்தில் கழியொலி என்பார்கள். செக்கனுக்கு 20,000 அதிர்வுகளுக்கு மேற்பட்ட, மனிதக் காதுக்குக் கேட்காத ஒலி. பேருவளை, இரத்தினபுரி மாணிக்க வியாபாரிகளுக்கும், நகைக் கடைக்காரர்களுக்கும், கண்ணாடிக் கடைக்காரர்களுக்கும் இதை விளக்கத் தேவையில்லை. அவர்களின் மேசையில் கல்லையும் நகையையும் கழுவும் சின்னப் பெட்டி இருக்கிறது. அதில் மரகதத்தைப் போடக் கூடாது என்பதும் அவர்களுக்குத் தெரியும். வெடிப்புகளில் ஊட்டிய எண்ணெய் வெளியே வந்துவிடும், கல்லே பிளக்கவும் கூடும். ஏன்?

ஒலி அலை தண்ணீரை இழுத்துத் தள்ளும்போது கண்ணுக்குத் தெரியாத குமிழிகள் தோன்றி, பெருத்து, ஒரு கணத்தில் உள்ளே நொறுங்குகின்றன. இந்தக் குமிழி விவகாரம் முதலில் கப்பற்காரர்களின் தலைவலியாகத்தான் வந்தது. 1890களில் பிரித்தானியக் கடற்படையின் 'டேரிங்' என்ற கப்பல் எதிர்பார்த்த வேகம் எடுக்கவில்லை. விசிறி சுழலும் இடத்தில் தண்ணீர் குமிழியாகப் பிரிவதுதான் காரணம் என்று கண்டார்கள். விசிறிகள் ஏன் அரிக்கப்படுகின்றன என்பதை விளக்க 1917இல் ரேலி பிரபு குமிழி நொறுங்கும்போது எழும் அழுத்தத்தைக் கணக்கிட்டார். இன்று நமக்குத் தெரிவது, நொறுங்கும் அந்தக் கணத்தில் குமிழிக்குள் ஆயிரக்கணக்கான பாகை வெப்பமும் நூற்றுக்கணக்கான மடங்கு வளிமண்டல அழுத்தமும் உண்டாகின்றன என்பது. அந்த வெப்பத்தில் தண்ணீர் மூலக்கூறே உடைந்து ஐதரொட்சில் என்ற, எதையும் கடித்துத் தின்னும் துண்டு பிறக்கிறது. அது சாயத்தையும் உடைக்கும்.

இதைக் கேட்டால் ஆஹா என்றிருக்கும். ஆனால் கணக்கைப் பாருங்கள். நகைக் கடைப் பெட்டி 100 வாட், உள்ளே இரண்டு லீற்றர் தண்ணீர், அரை மணித்தியாலம் ஓடுகிறது என்று வைப்போம். அந்த அளவில் ஆயிரம் லீற்றருக்கு 25 யூனிட் வருகிறது. அவ்வளவு செலவழித்தும் அந்தப் பெட்டியில் ஊற்றிய சாயத் தண்ணீரின் நிறம் பெரிதாக மாறாது. கொடுத்த சக்தியில் பெரும்பகுதி தண்ணீரைச் சூடாக்கவே போகிறது. ஐதரொட்சில் நன்றாகப் பிறக்க வேண்டுமானால் கழுவும் பெட்டியின் 40 கிலோஹேர்ட்ஸ் போதாது. சில நூறு கிலோஹேர்ட்ஸ் வேண்டும். லீற்றருக்குப் பல பத்து வாட் சக்தியும் வேண்டும். ஆய்வுகூடத்தில் அரை லீற்றர் முகவையில் இதைச் செய்வது வேறு, பட்டறையில் தினம் இரண்டாயிரம் லீற்றருக்குச் செய்வது வேறு. இந்தியாவிலும் சீனாவிலும் ஐரோப்பாவிலும் பல்கலைக்கழகங்களில் இந்த ஆராய்ச்சி நிறைய நடந்திருக்கிறது. தனி அல்ட்ராசவுண்ட் சாயத்துக்கு மெதுவானது, செலவானது என்பதில் அவர்களுக்குள் பெரிய சண்டை இல்லை.

அப்படியானால் மின்சாரத்தோடு ஏன் சேர்க்கிறார்கள்? இங்கேதான் அதன் உண்மையான பயன் இருக்கிறது. மின்பகுப்புத் தகட்டில் கொஞ்ச நேரத்தில் படலம் படியும், வாயுக் குமிழிகள் ஒட்டிக்கொள்ளும். தகடு மூடிக்கொண்டால் மின்சாரம் ஓடாது. வோல்ட் ஏறும், பில் ஏறும். பக்கத்தில் அல்ட்ராசவுண்ட் அதிர்ந்தால் தகடு ஓயாமல் கழுவப்படுகிறது, புதிய சாயத் தண்ணீர் தகட்டருகே விரைவாக வந்து சேருகிறது. ஆகவே இந்தக் கூட்டில் வேலையாள் மின்சாரம். அல்ட்ராசவுண்ட் தகட்டைத் துடைக்கும் எடுபிடி. எடுபிடிக்கு எஜமானின் சம்பளம் கொடுக்கலாமா என்பதே கேள்வி. இரும்பு, அலுமினியத் தகடு என்றால் சில நிமிடத்துக்கு ஒரு முறை மின்சாரத்தின் திசையை மாற்றிவிட்டாலே தகடு பெரும்பாலும் தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும். அதற்கு ஒரு சாதாரண சுவிட்ச் போதும். டைட்டேனியம் தகட்டில் மட்டும் அப்படித் திசை மாற்றினால் விலையுயர்ந்த பூச்சு கெட்டுவிடும். அங்கே அல்ட்ராசவுண்ட் வைப்பதில் ஓரளவு நியாயம் உண்டு. ஆனாலும் பம்பு வைத்துத் தண்ணீரை வேகமாகச் சுழற்றுவதோடு ஒப்பிட்டுத்தான் விலை பேச வேண்டும்.

கண் முன்னால் செய்து காட்டியது

கண்ணாடிப் பாத்திரத்தில் குழாய்த் தண்ணீர், ஒரு கை உப்பு, நாலு சொட்டுச் சாயம். சுவிட்சைப் போட்டால் பத்து நிமிடத்தில் தெளிந்துவிடும். அதே பாத்திரத்தில் கடையில் வாங்கிய சலவைத் திரவம் ஒரு மூடி ஊற்றினாலும் அதுவே நடக்கும். ஆகவே விற்க வருபவரிடம் உங்கள் பட்டறையின் தண்ணீரைக் கொடுங்கள். அதிலும் முதல் தொட்டித் தண்ணீரை, கறுப்பும் கடும் நீலமும் போட்ட நாளில், சவர்க்காரமும் சோடாவும் கலந்ததாகவே கொடுங்கள். எத்தனை அம்பியர், எத்தனை வோல்ட், எத்தனை நிமிடம், எத்தனை லீற்றர் என்ற நான்கு இலக்கங்களையும் எழுதி வாங்குங்கள். அம்பியரை வோல்ட்டால் பெருக்கி, மணித்தியாலத்தால் பெருக்கி, ஆயிரத்தால் வகுத்தால் யூனிட். அதற்கப்புறம் மின்சாரத்துக்குக் கட்டும் கணக்கு உங்களுக்கே தெரியும். இந்த நான்கு இலக்கத்தைச் சொல்லத் தயங்குபவரோடு தேநீர் குடித்துவிட்டு ஸலாம் சொல்லி அனுப்பலாம்.

தெளிந்த தண்ணீரை ஒரு போத்தலில் மூடாமல் இரவு முழுவதும் வையுங்கள். வாட் சாயம், இண்டிகோ போன்றவை சில முறைகளில் நிறமற்ற நிலைக்கு மாறுமே தவிர அழியாது. காலையில் காற்றுப் பட்டு நிறம் திரும்பி வந்திருக்கும். கைத்தறிக்காரர்கள் பலர் வாட் சாயம் பயன்படுத்துவதால் இதைச் சொல்கிறேன். உண்மையில் வாட் சாயத்துக்கு இவ்வளவு ஆடம்பரம் தேவையில்லை. அது தண்ணீரில் கரையாத நிலைக்குத் திரும்பும் சாதி. படிகாரமோ அலுமினியத் தகடோ அதை இலகுவாகப் படிய வைத்துவிடும். கரைந்தே கிடக்கும் ரியாக்டிவ் சாயம்தான் படிகாரத்துக்கு அவ்வளவாக அடங்காது.

இன்னொன்று, நிறம் போனதும் நஞ்சு போய்விட்டது என்று நினைக்கக் கூடாது. அசோ சாயங்கள் சில உடையும்போது அரோமற்றிக் அமைன் என்ற பொருட்கள் பிறக்கின்றன. அவற்றில் சில புற்றுநோயை உண்டாக்குபவை. இதனால்தான் ஜேர்மனி 1994இலும் ஐரோப்பிய ஒன்றியம் 2002இலும் அப்படிப்பட்ட அமைனை விடக்கூடிய சாயங்களைத் துணியில் தடை செய்தன. ஐரோப்பிய அளவு கிலோவுக்கு 30 மில்லிகிராம். வெளிநாட்டுக்குச் சாரமோ பத்திக்கோ அனுப்புகிறவர்கள் சாயம் வாங்கும்போதே அதற்கான சான்றைக் கேட்டு வாங்க வேண்டும். குளோரின் முறையில் சாயத் துண்டுகளோடு குளோரின் சேர்ந்த புதிய பொருட்களும் உருவாகலாம். வேலையை அரைகுறையாக நிறுத்தினால் இந்த ஆபத்து அதிகம். எஞ்சிய குளோரினோடு தண்ணீரைத் தோட்டத்துக்கோ களப்புக்கோ விட்டால் மீனும் புழுவும் செத்துவிடும். பழைய போட்டோ ஸ்டூடியோக்காரர்கள் 'ஹைப்போ' என்று வைத்திருந்தார்களே, அந்தச் சோடியம் தயோசல்பேற்றைச் சிறிதளவு போட்டால் குளோரின் அடங்கும்.

பரீட்சித்துப் பார்க்க ஆசைப்படும் இளைஞர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அனோட்டில் குளோரின், கதோட்டில் ஐதரசன். ஒன்று மூச்சை அடைக்கும், மற்றது தீப்பிடிக்கும். கதவைச் சாத்திய அறையில் செய்யாதீர்கள். அந்தத் தண்ணீரில் அமிலம் எதையும் ஊற்றாதீர்கள். அருகில் சிகரெட் கூடாது. அது எப்போதுமே கூடாது என்பது வேறு விஷயம்.

திருப்பூர் கற்றது

நமது புறக்கோட்டைக் கடைகளுக்குப் பனியனும் டீசேர்ட்டும் வரும் திருப்பூரைப் பலர் சரக்கெடுக்கப் போய்ப் பார்த்திருப்பீர்கள். அங்கே நொய்யல் ஆற்றில் பாசனத்துக்காக 1992இல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை, சாயக் கழிவு தேங்கும் குளமாகிப் போனது. விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். வெளியே ஒரு சொட்டும் விடாத முறைக்கு மாறும்படி 2006இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. சரியாக நிறைவேறவில்லை. 2011 ஜனவரி 28ஆம் திகதி நீதிமன்றம் சாயப் பட்டறைகளை மூடும்படி உத்தரவிட்டது. எழுநூறுக்கு மேற்பட்ட பட்டறைகள் பூட்டப்பட்டன. ஒரு நகரத்தின் தொழில் ஒரே உத்தரவில் நின்று போனது.

நிறத்தை எடுக்கும் வழிகள் திருப்பூர்க்காரர்களுக்குத் தெரியாமலில்லை. அவர்களைக் கவிழ்த்தது உப்பு. தமிழ்நாட்டில் வெளியே விடும் தண்ணீரில் கரைந்த உப்புக்கள் லீற்றருக்கு 2,100 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. சாயத் தொட்டியிலோ 50,000. சவ்வு வழியாக வடிகட்டி, மிஞ்சிய உப்புத் தண்ணீரைக் காய்ச்சி ஆவியாக்கி, பெரும் செலவில்தான் அவர்கள் மீண்டு வந்தார்கள். பிறகு அங்குள்ள சில பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் ஒரு கெட்டிக்காரத்தனம் செய்தன. உப்புத் தண்ணீரை ஏன் காய்ச்ச வேண்டும், நிறத்தை எடுத்துவிட்டு அதே உப்புத் தண்ணீரில் மறுபடி சாயமிட்டால் என்ன?

என் அபிப்பிராயத்தில் மின்சார முறைக்கு நமது சின்னப் பட்டறைகளில் பொருத்தமான இடம் இதுதான். முதல் தொட்டித் தண்ணீரை அலசல் தண்ணீரோடு கலக்காமல் தனித் தொட்டியில் எடுத்து வையுங்கள். 20 கிலோ நூலுக்கு அது 400 லீற்றர்தான். உப்பு அதிகமிருப்பதால் மின்சாரம் தாராளமாக ஓடும், வோல்ட் குறையும். நிறம் போனதும் குளோரினை முழுவதும் அடக்கிவிட்டு, நாடாத் தாளால் சோதித்துக்கொண்டு, மறுநாள் கறுப்பு அல்லது கடும் நிறத்துக்கு அந்த உப்புத் தண்ணீரைப் பாவிக்கலாம். குளோரின் கொஞ்சம் மிஞ்சியிருந்தாலும் புதிய சாயத்தைத் தின்றுவிடும். வெளிர் நிறங்களில் கறை காட்டும். ஆகவே முதலில் கழிவு நூலில் பார்க்க வேண்டும். இப்படிச் செய்தால் 20 கிலோ உப்பில் பெரும்பகுதி நாளைக்கும் உதவும், கிணற்றுக்கும் போகாது. அலசல் தண்ணீர் அளவில் அதிகம், சாயத்தில் குறைவு. அதற்கு இரும்புத் தகடு போதும்.

சட்டமும் ஊரும்

நமது நாட்டில் 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் மத்திய சுற்றாடல் அதிகார சபை சுற்றாடல் பாதுகாப்பு உரிமம் வழங்குகிறது. 2008 பெப்ரவரியில் வந்த வர்த்தமானியில் ஆற்றுக்கும் குளத்துக்கும் விடும் தண்ணீருக்கு அளவுகள் குறிக்கப்பட்டன: பி.எச். 6.0க்கும் 8.5க்கும் இடையில், இரசாயன ஒட்சிசன் தேவை 250 மில்லிகிராமுக்குள் என்றவாறு. நிறத்தையும் அதில் மூன்று இடங்களில், மஞ்சள், சிவப்பு, நீலம் என்று தனித்தனியாகக் கருவியால் அளக்கச் சொல்லியிருக்கிறது. கண்ணுக்குத் தெளிவாகத் தெரிந்த தண்ணீர் கருவியில் தோற்கலாம். உங்கள் தொழிலுக்கு எந்த வகை உரிமம், இன்றைக்கு எந்த அளவு என்பதை மாவட்டக் காரியாலயத்தில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இயந்திரக்காரரின் வாக்குறுதி அங்கே செல்லாது. கொழும்பிலுள்ள கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவகம் போன்ற இடங்களில் தண்ணீரைக் கட்டணத்துக்குச் சோதித்துத் தருவார்கள். இயந்திரத்துக்கு முற்பணம் கொடுக்குமுன் ஒரு அறிக்கை, பின் ஒரு அறிக்கை என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். சேற்றை வயலிலோ குப்பை வண்டியிலோ போடாதீர்கள். உலர வைத்துச் சேர்த்து, அதிகார சபை சொல்லும் முறைப்படி அகற்ற வேண்டும்.

அதிகாரிகளைவிட அயலவர்களுக்குத்தான் நாம் முதலில் பதில் சொல்ல வேண்டியிருக்கும். 2013 ஆகஸ்ட் முதலாந் திகதி வெலிவேரிய ரதுபஸ்வலவில் நடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். ஒரு தொழிற்சாலையால் கிணற்றுத் தண்ணீர் கெட்டுவிட்டது என்று வீதிக்கு இறங்கிய மக்கள் மீது துப்பாக்கிச் சூடு நடத்தப்பட்டு மூன்று பேர் உயிரிழந்தார்கள். குற்றம் யார் மீது என்ற விவாதம் ஒருபுறமிருக்க, தண்ணீரில் சந்தேகம் விழுந்துவிட்டால் ஊர் எவ்வளவு தூரம் போகும் என்பதை அது காட்டியது. நமது பட்டறைகளில் பல வீட்டு வளவுக்குள்ளேயே இருக்கின்றன. அடுத்த வீட்டுக் கிணறு இருபது அடியில். அயலவர் கேட்காமல் பொறுத்திருப்பது உறவுக்காக. அந்தப் பொறுமையைச் செலவுக் கணக்கில் சேர்க்காமல் விட்டுத்தான் சாரத்துக்கு விலை போட்டுக் கொண்டிருக்கிறோம்.

சகோதரருக்கு நான் சொன்னது, தனியாக எடுக்க வேண்டாம் என்று. தினம் 400 லீற்றருக்கு ஒரு முழு இயந்திரம் பாதி நாள் சும்மா கிடக்கும். ஐந்தாறு சாயக்காரர்கள் முஷாரகாவாகச் சேர்ந்து ஒரே இடத்தில் தொட்டி கட்டலாம். முதலை ஆளுக்கு எவ்வளவு போட்டாரோ அந்த விகிதத்தில் பங்கு. ஓட்டும் செலவை முதலின் விகிதத்தில் பிரிக்காமல் கொண்டுவரும் லீற்றரின்படி பிரிக்க வேண்டும், இல்லாவிட்டால் குறைவாகக் கொண்டுவருபவர் அதிகமாகக் கொண்டுவருபவருக்கு மானியம் கொடுப்பவராகி, ஆறு மாதத்தில் சண்டை வரும். கறுப்பும் வெளிர் மஞ்சளும் ஒரே விலையாக இருக்க முடியாது. கடும் நிறத்துக்கு லீற்றருக்குக் கூடுதல் கட்டணம் என்று தொடக்கத்திலேயே எழுதி, ஒவ்வொருவரும் தம் தொட்டித் தண்ணீரில் ஒரு போத்தல் மாதிரியைத் திகதி போட்டு வைத்துவிட வேண்டும். தென்கிழக்குப் பல்கலைக்கழகம் பக்கத்தில்தான் இருக்கிறது. இறுதியாண்டு மாணவர்களுக்குச் செயற்றிட்டம் தேவை, நமக்கு இலக்கங்கள் தேவை. ஒரு சிறிய தொட்டியும், பழைய வெல்டிங் பிளான்ட் ஒன்றின் நேரோட்டமும், இரண்டு தகடும் இருந்தால் மூன்று மாதத்தில் நமது தண்ணீருக்கு எத்தனை யூனிட் போகும் என்று அவர்களே அளந்து தந்துவிடுவார்கள். விலை பேசுவதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளும்படி சொல்லியிருக்கிறேன்.